தெருப்பக்கத்து ஜன்னல்

அன்புள்ள இன்ஜினியரம்மாவுக்கு,

இன்ஜினியர் இல்லை, ஆர்க்கிடெக்ட் என்று நீ பல்லைக் கடிப்பது இங்கே கேட்கிறது. நானும் நம் மகள் வாலுவும் நலம். அவளுக்கு முன்பல் ஒன்று விழுந்தது. அதை உனக்கு அனுப்பியே தீர வேண்டும் என்றாள், நான்தான் தடுத்தேன்.

உன் கடிதம் வந்தது. அந்த நானூறு வருஷத்துக் கட்டடத்தை ஒரு மாதம் டேப்பும் கையுமாக அளந்து நீ வரைந்ததைப் பேராசிரியர் ஒரே நிமிஷத்தில் தள்ளிவிட்டாராமே. கோணலாக நிற்கும் சுவர்களை நீ நேராக்கி வரைந்துவிட்டாய் என்றாராம். மறுபடி முதலிலிருந்து அளக்க என்னால் முடியாது, மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். கடைசி வரியில் மை கலைந்திருந்தது. டாக்டர்களின் கிறுக்கலையே பதினைந்து வருஷமாகப் படித்து மருந்து கொடுக்கிறவனுக்கு, நீ அழுதது தெரியாமல் போகுமா?

இப்போது நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். திட்டாமல் படி.

நீ வரைந்து வைத்துவிட்டுப் போன மாடி அறையைக் கட்டி முடித்துவிட்டோம். கண் கூசாமல் வரைய வடக்கே பெரிய ஜன்னல் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாய். அதுதான் வரைபடத்தில் இருக்கிறதே என்று நான் மறந்துபோனேன். தாளின் மூலையில் நீ போட்டிருந்த அம்புக்குறியைப் பார்த்த மேஸ்திரி, "இது வாசலைக் காட்டுது சார்" என்றார். நானும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டினேன். நம் வாசலோ தெற்கு. அம்பு காட்டியது வடக்கை என்று பூச்சு வேலை முடிந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இப்போது ஜன்னல் தெருவைப் பார்க்கிறது, மத்தியானத்தில் அறை அடுப்பாகக் காய்கிறது.

அடைத்துவிட்டு வடக்கே திறக்கலாம், ஒரு வாரம் ஆகும் என்கிறார் மேஸ்திரி. உன் கதையையும் அவரிடம் சொன்னேன். "எந்த ஊர்ல சார் சுவர் நேரா இருக்கு? நான் கட்டினதுலயே ஒண்ணும் இல்ல. கோணலைக் கோணலாவே வரையச் சொல்லுங்க, அவங்களுக்கு வரும்" என்றார். தன் தப்பை ஒப்புக்கொள்ள மட்டும் அவருக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஜன்னலை அடைக்க வாலு விடமாட்டேன் என்கிறாள். அங்கிருந்து பார்த்தால் பஸ் நிறுத்தம் தெரிகிறது. பள்ளிவிட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டு மாடிக்கு ஓடுகிறாள். அம்மா இறங்கினால் முதலில் நான்தான் பார்ப்பேன் என்கிறாள். சாப்பிடக் கூப்பிடப் போகிற நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன்.

நீ இன்றைக்கே வந்து இறங்கினாலும் ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொள்வேன். உன்னைப் பார்க்காமல் எனக்கும் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பெட்டிக்குள் கோணல் சுவரைக் கோணலாகவே வரைந்த தாள் இருக்க வேண்டும். டேப்பை எடுத்துக்கொண்டு இன்னொரு தடவை போ. படித்து முடித்து வந்து, எங்கள் தப்பை நீயே நின்று இடிக்கச் சொல். அதுவரை ஜன்னல் தெருப்பக்கமே இருக்கட்டும்.

இப்படிக்கு,
மாடி வெயிலில் உட்கார்ந்திருக்கும்
உன் மருந்துக்கடைக்காரன்