புகைக்குழாயின் மூடி

என் அன்புக் கணவருக்கு,

வணக்கம். உங்கள் முதுகுவலி தேவலையா? சின்னவள் அடம்பிடிக்காமல் சாப்பிடுகிறாளா? நான் சுகமாகத்தான் இருக்கிறேன். கடிதம் முழுக்கப் படிக்கும்வரை இந்த வரியை நம்புங்கள்.

போன ஞாயிறு மதியம் குளிர் தாங்காமல் அறையிலுள்ள இரும்பு அடுப்பில் விறகு மூட்டினேன். சூடு வீணாகக் கூடாதென்று புகைக்குழாயின் மூடியை அடைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தலைவலி. சலவைக்கூடத்தில் வேலை செய்த அலுப்பு என்று நினைத்துப் படுத்துவிட்டேன்.

நல்லவேளை, பக்கத்து அறை பஸ் டிரைவரம்மா உப்பு கேட்டு வந்தார். என்னைப் பார்த்ததும் வாசலுக்கு இழுத்துப் போட்டு, ஜன்னல்களைத் திறந்துவிட்டார்.

"நெருப்பு எரியறப்போ குழாய மூடலாமாம்மா? அந்த விஷக்காத்துக்கு வாசனையே கிடையாது. தூங்கினவ தூங்கினபடியே போயிருப்பே."

ஆஸ்பத்திரிக்கும் அவரே கூட்டிப் போனார். மூன்று மணி நேரம் ஆக்சிஜன் வைத்தார்கள், அவ்வளவுதான். மறுநாள் அவர் லீவு போட்டு குழாயைச் சுத்தம் செய்தார். ஒரு வாளி கரி வந்தது. விஷக்காற்று வந்தால் கத்துகிற சிறு பெட்டி ஒன்றையும் சுவரில் மாட்டினார். கூடப்பிறந்தவள்கூட இவ்வளவு செய்வாளா, தெரியவில்லை. அவருக்கு நீங்கள் இரண்டு வரி நன்றி எழுதுங்கள். நான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன்.

சின்னவளுக்கு வளையல் வாங்க அளவு வேண்டும். அவள் கையைத் தாளில் வைத்து வரைந்து அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது, நிறுத்துகிறேன். பக்கத்திலேயே உங்கள் கையையும் வரையுங்கள். அது வளையலுக்கு இல்லை.

உங்கள் மனைவி