மிஸ்வாக்கு மரமும் மாடிப்படியும்

மச்சான்,

இன்று காலை கொத்தனார் நம் முற்றத்து மிஸ்வாக்கு மரத்தில் ஒரு கிளையை வெட்டினார். கடுகு அரைத்தது போன்ற அந்தக் காரநெடி அடுப்படி வரை வந்தது. அந்தக் குச்சியால் பல் துலக்கிவிட்டு நீங்கள்தான் வந்து நிற்கிறீர்கள் என்று ஒரு நொடி நினைத்துவிட்டேன். நீங்கள் கண்மூடி இரண்டு பெருநாள் கழிந்துவிட்டது.

மகளுக்கு நிக்காஹ் பேசியாயிற்று. காயல்பட்டினத்தில் மாப்பிள்ளைதானே பெண் வீட்டுக்குக் குடிவர வேண்டும். மாடியில் அவர்களுக்கு ஓர் அறை எடுக்கிறோம். படி வரும் இடத்தில் மரம் நிற்கிறது. வெட்டிவிடலாமா என்று கொத்தனார் கேட்டார். சாயங்காலம் சொல்கிறேன் என்றேன்.

நீங்கள் மாப்பிள்ளையாக வந்த அன்று அதே மரத்தின் தாழ்ந்த கிளை உங்கள் தொப்பியைத் தட்டிவிட்டது. குனிந்து எடுக்கும்போது இலையடியில் பச்சைப் புழுக்களைப் பார்த்தீர்கள். மறுநாள் சிலவற்றைப் பாட்டிலில் போட்டு, பாவம், கொழுந்தாகத் தின்னட்டும் என்று முருங்கை இலை வைத்தீர்கள். புதுமாப்பிள்ளையின் விருந்து. ஒன்றுகூட வாய் வைக்கவில்லை.

"இலைக்கு நடுவுல பட்டினி கெடந்து செத்துருக்கு பாரு, ஏளா," என்றீர்கள். உங்கள் முகம் வாடிப்போயிருந்தது.

பிறகு ஓமனிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் மரத்தடியே கதி. தாய் வண்ணத்துப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டிப் பார்த்து முட்டையிடுவதை எனக்குக் காட்டினீர்கள். மற்ற பூச்சிகளை விரட்டும் அந்தக் காரம் எத்தனையோ தலைமுறையில் இதற்குப் பழகிப்போய், இப்போது அந்த நெடியை வைத்துத்தான் மரத்தையே கண்டுபிடிக்கிறது என்றீர்கள். மழைக்குப் பின் பிறப்பவற்றின் சிறகில் கறுப்பு அதிகம், கோடையில் பிறப்பவை வெளிறியவை. சலாலாவிலிருந்து ஒருநாள் போனில், "அங்கன உள்ள பூச்சிதான் இங்கனயும் பறக்குது. மரம் இருக்குல்லா," என்றீர்கள். எனக்கு அந்தப் பூச்சியின் மேல் பொறாமையாக இருந்தது.

சிறகு முளைத்தபின் அது எந்தப் பூவிலும் தேன் குடிக்கும். பிள்ளை வளர மட்டும் இந்த மரம் வேண்டும். நீங்களும் எந்த ஊர்ச் சோற்றையும் தின்றவர்தான். ஆனால் மகளை அங்கே கூட்டிப்போக ஒருநாளும் சம்மதிக்கவில்லை.

சாயங்காலம் கிளையை வளைத்துப் பார்த்தேன். இலையடியில் புழுக்கள் இருந்தன. கொத்தனாரிடம் படியை மரத்தைச் சுற்றித் திருப்பச் சொன்னேன்.

"ரூம் சின்னதாப் போவும். ஏறும்போது கிளை தலையில தட்டுமே," என்றார்.

"தட்டட்டும் அண்ணாச்சி. தொப்பி விழுந்தா மாப்பிள்ளை குனிஞ்சு எடுப்பாரு. அப்ப இலையடியப் பாக்கட்டும்."