தொண்ணூற்றோராயிரம் கோடி

செப்டம்பர் 9

புதுக் கணினி வந்துவிட்டது. பழையது போன வாரம் புகை கக்கிச் செத்தது. கணக்குகளுக்கு என் நிரல் நம்பியிருக்கும் லைப்ரரி என்ற மென்பொருள் தொகுப்பின் புதிய பதிப்பையும் ஏற்றினேன். பதிப்பு மாறினால் என் நிரல் படுத்துவிடும் என்று என் மனைவி மலைக்குப் போகும் முன்பே எச்சரித்தாள். ஒன்றும் ஆகாது என்று மார்தட்டியவன் நான்.

இன்றைய கோப்பு இன்னும் திறக்கவில்லை. நாளை பார்க்கலாம்.

செப்டம்பர் 10

திறக்கவில்லை.

மலை உச்சிப் பனி நிலையத்திலிருந்து தினம் ஒரு கோப்பு வரும். நிமிடத்துக்கு ஒரு பனி அளவு. கூடவே, கருவி பற்றிய குறிப்புக்கு இரண்டு வரி இடம். அந்த இரண்டு வரிதான் எங்கள் குடித்தனம். கருவியைப் பற்றி எழுத வேண்டிய இடத்தில் என் மனைவி, சாப்பிட்டாயா, இருமல் போச்சா என்று எழுதுவாள். காலையில் நான் நிலையத்துக்கு அனுப்பும் கோப்பின் குறிப்பில் என் பதில் போகும். அங்கே போன் கிடையாது. ரேடியோ அவசரத்துக்கு மட்டும், அதுவும் தலைவர் அறையில்.

இப்போது நிரல் சொல்கிறது, அந்த ஒரு நாள் கோப்பில் தொண்ணூற்றோராயிரம் கோடி அளவுகள் இருக்கின்றனவாம். ஒரு நாளில் அத்தனை நிமிடமா? சரி, அவள் இல்லாத நாள் அப்படித்தான் நீள்கிறது. கோப்பு சுருக்கி வருவதால் வேறு எதில் திறந்தாலும் கிறுக்கல்தான்.

என்ன பதில் எழுதுவது? படிக்க முடியவில்லை என்றால், "சொன்னேனா இல்லையா" என்பாள். அந்த ஒரு சிரிப்புக்குப் பயந்து பொதுவாக எழுதினேன்: "சரி, உன் இஷ்டப்படியே செய். இங்க எல்லாம் நல்லா இருக்கு." எதைக் கேட்டிருந்தாலும் பொருந்தும்.

15ஆம் தேதி, பனி வழியை மூடும் முன், கடைசி வண்டி இறங்குகிறது. அவளும் வந்துவிடுவாள். அதுவரை ஒப்பேற்றினால் போதும்.

செப்டம்பர் 12

வழியில் கோப்பு கெட்டிருக்குமோ என்று பார்த்தேன். இல்லை. அனுப்பிய அளவும் வந்த அளவும் ஒன்றுதான். அவளுடைய கருவி மேல்கூடப் பழி போட்டேன். அதுவும் இல்லை. மூளை மழுங்கிவிட்டது.

அக்கா வந்து விஷயத்தைப் பிடுங்கிவிட்டாள். "வரி படிக்க முடியலன்னு அவகிட்ட சொல்லித் தொலையேன்டா. என்ன கிரீடம் இறங்கிடும்?" நாளைக்குச் சரியாகிவிடும் என்றேன். நேற்று போனில் கேட்டபோதும் அதையே சொன்னதாக நினைவூட்டிவிட்டுப் போனாள்.

வந்ததும் அவள் துணி வைக்க இடம் பண்ணிவிட்டு அவளுக்கு எழுதியது: "அலமாரி ஒழிச்சு வச்சிருக்கேன். கவலைப்படாத."

செப்டம்பர் 13

அவள் தலையணைக்கு உறை மாற்றினேன். வாசனை போய்விட்டதே என்று பிறகு உறைத்தது.

செப்டம்பர் 15

வண்டி வந்தது. சமையற்காரர் இறங்கினார், இரண்டு பொறியாளர்கள் இறங்கினார்கள், காலி எரிவாயு உருளைகள் இறங்கின. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஓட்டுநர் என்னைப் பார்த்துத் திகைத்தார். "அவங்க வரல சார். உங்ககிட்ட கேட்டுட்டுதான் தங்குறேன்னு சொன்னாங்களே?"

என்கிட்ட எப்ப கேட்டா? என்ன கேட்டா?

செப்டம்பர் 16

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அலுவலகத்திலேயே கிடந்தேன். ஆத்திரத்தில் அந்தப் பூதாகார எண்ணை 32 பிட்டுக்கு, அதாவது கணினியின் 32 இரும இலக்கங்களுக்கு, நறுக்கினேன். 1440 என்று வந்தது. ஒரு நாளின் நிமிடங்கள். கண் எரிந்தது.

குறை என்னுடையதுதான். நிலையத்துக் கருவி முழு எண்களை 32 பிட்டில் எழுதுகிறது. நான் என் நிரலில் அளவைக் குறிக்காமல் வெறுமனே "முழு எண்" என்று விட்டிருந்தேன். பழைய பதிப்பில் அதற்கு 32 பிட் என்று அர்த்தம், புதியதில் 64. அதனால் பக்கத்துப் பக்கத்து எண்கள் இரண்டையும் சேர்த்து ஒன்றாக விழுங்கியிருக்கிறது. படித்த பிறகு நறுக்கினால் முதல் எண் தேறும், இரண்டாவது தொலையும். அந்த இரண்டாவதுதான் குறிப்பின் நீளம். படிக்கும் இடத்திலேயே 32 என்று எழுதினேன். மாற்றியது ஒரே ஒரு வார்த்தை. எல்லாக் கோப்பும் திறந்தன.

9: "இன்னொரு குளிர்காலம் இருக்கச் சொல்றாங்க. நீ வேண்டாம்னா வந்துடறேன். என்ன சொல்ற?"

10: "இவ்வளவு சட்டுனு சரின்னுட்ட? நிஜமாவா? யோசிச்சுச் சொல்லு."

12: "அலமாரியா? சரி, புரிஞ்சுது. இருந்துடறேன்."

அதற்குப் பிறகு வந்த கோப்புகளில் பனி அளவு மட்டும்.

செப்டம்பர் 17

நடந்ததையெல்லாம் இரண்டு வரிக்குள் அடைத்து அனுப்பினேன். பயந்தாங்கொள்ளி என்று என்னையே திட்டியும் எழுதினேன். இடம் போதவில்லை.

செப்டம்பர் 18

பதில் இல்லை. 1440 அளவுகள் ஒழுங்காக வந்திருக்கின்றன.

செப்டம்பர் 21

இல்லை. அக்கா போன் செய்தாள். கிரீடத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட வரச் சொன்னாள். போகவில்லை.

செப்டம்பர் 24

இன்று வரி வந்தது.

"நீ வந்துடுன்னு சொல்லுவன்னு பையெல்லாம் கட்டி வச்சிருந்தேன்."

பலமுறை படித்தேன். எனக்கு அவள் வேண்டும். இந்த வீட்டில், இந்த மேசைக்கு எதிரில், என்னைக் கேலி செய்துகொண்டு. இதை அன்றைக்கே எழுதியிருக்கலாம். அவள் என்ன கேட்டிருந்தாலும் அதுதானே என் பதில்.

"வந்துடு" என்று மட்டும் அனுப்பினேன். பனி உருகும்வரை வண்டி கிடையாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.