உறை மாட்டிய கை

என்னங்க,

இங்கே நான் நலம். நீங்கள், பாப்பா, உங்கள் அக்கா எல்லோரும் சௌக்கியந்தானே? உங்கள் முதுகுவலி தேவலையா?

நான் இங்கே வளர்க்க வந்த, பறக்கத் தெரியாத பறவையின் குஞ்சு நன்றாகத் தேறிவிட்டது. இந்தத் தீவை விட்டால் அந்த இனம் வேறெங்கும் கிடையாது என்பதால் கெடுபிடி அதிகம். அது மனித முகத்தையே பார்க்கக் கூடாது. தாய்ப்பறவையின் தலை மாதிரி தைத்த உறையைக் கையில் மாட்டிக்கொண்டு, திரைக்குப் பின்னால் நின்று, இங்கே மட்டும் விளையும் ஒரு புதர்ப்பழத்தை நசுக்கி ஊட்ட வேண்டும். முட்டையை விட்டு வந்ததிலிருந்து நான்தான் ஊட்டுகிறேன்.

போன வாரம் எனக்கு லேசான காய்ச்சல். கவலைப்படாதீர்கள், சரியாகிவிட்டது. அன்றைக்கு என்னோடு வேலை பார்க்கும் மீசைக்காரர் அதே உறையை மாட்டிக்கொண்டு ஊட்டினார். "உங்களைத் தேடவே இல்லைங்க, சமத்தா சாப்பிட்டுச்சு" என்று வந்து பெருமையாகச் சொல்கிறார். எனக்கு வயிறு எரிந்தது.

பாப்பா அத்தை கையால் சமத்தாகச் சாப்பிடுகிறாள் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். சந்தோஷம். போட்டோவில் உங்கள் அக்கா என் நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு ஊட்டுகிறார்கள். அவர்களுக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதை உடனே எனக்குப் பார்சலில் அனுப்பிவிடுங்கள். இந்தச் சேற்றில் புடவை கட்ட முடியாதுதான். ஊருக்கு வரும் அன்று அதைக் கட்டிக்கொண்டு வீட்டுப் படியேறுவேன். என் முகம் மறந்திருந்தாலும் அவளுக்குப் புடவை ஞாபகம் இருக்குமல்லவா?

படகுக்காரர் அவசரப்படுத்துகிறார்.

இப்படிக்கு,
பாப்பாவைப் பெற்றவள்