சிப்பிக்குக் கீழே கிடந்த டின் வளையம்

இன்று காலை தெருவில் கேபிள் புதைக்க வந்தவர்கள் மெட்டல் டிடெக்டரைத் தரையில் தடவிக்கொண்டே போனார்கள். எங்கள் வாசலுக்கு நேராக அது கீச்சென்று கத்தியதும், காபி டம்ளரை அப்படியே வைத்துவிட்டு வெளியே ஓடினேன், அண்ணே. பழைய தண்ணீர்க் குழாய்தான். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் கண் உங்களைத்தான் தேடுகிறது. நீங்கள் கண்ணை மூடி மூன்று வருடம் ஆகிவிட்டது.

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்கள். ஷார்ஜாவில், ரோலா பகுதியில் நமக்கு ஒரே கட்டடம். மேலே நானும் என் மனைவியும், கீழே ஓர் அறையில் நீங்களும் இன்னும் ஏழு பேரும். நான் புவியியல் வாத்தியார். நீங்கள் ராமநாதபுரம் கடற்கரையில் பிறந்து, இருபது வருடமாக வளைகுடாவில் மண் வேலை பார்த்தவர். புல்டோசர் இறங்குமுன் நிலத்துக்குள் இரும்பு கிடக்கிறதா என்று மிஷினால் பார்ப்பது உங்கள் டூட்டி.

எங்கள் பள்ளியின் புதுக் கட்டடத்துக்கான மனையை உங்கள் கம்பெனிதான் சமப்படுத்தியது. கடலிலிருந்து நாற்பது கிலோமீட்டர் உள்ளே, சுற்றிலும் மணல்மேடு. ஒரு வெள்ளிக்கிழமை, "வாங்க வாத்தியாரே, உங்க ஸ்கூல் வர்ற எடத்தப் பாத்துட்டு வருவோம்" என்று கூட்டிப்போனீர்கள். மிஷின் கத்திய இடத்தில் முழங்கை ஆழம் தோண்டினீர்கள். வழியெல்லாம் சிப்பி. அடியில் ஒரு குளிர்பான டின்னின் வளையம். நான் வளையத்தைத் தூக்கி எறிந்தேன். சிப்பிகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தச் சிப்பிகளைப் பள்ளிக் கண்காட்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். 'பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்தது' என்று நீல அட்டையில் எழுதியவன் நான். கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது நீங்கள் வீட்டுக்கு வந்து அந்த அட்டையைப் படித்தீர்கள்.

"கோவிச்சுக்காதீங்க சார். அது கடல் வந்த எடம் இல்ல. நாங்க கடல் மண்ணக் கொண்டு வந்த எடம்."

"என்ன அண்ணே சொல்றீங்க?"

"முன்னால அங்க லேபர் கேம்ப் இருந்துச்சு. இந்தப் பாலைவன மண்ணு ரோலர் ஏத்துனா நிக்காது, வழுக்கிட்டுப் போகும். அதுனால கரையிலேருந்து சிப்பி மண்ண லாரி லாரியா கொட்டுனோம். நானே பரப்பிருக்கேன். சிப்பியத் திருப்பிப் பாருங்க, உள்ள இன்னும் ரோஸ் கலர் போகல, ரொம்பப் பழசுன்னா வெளுத்திருக்கும். சரி, அத விடுங்க. டின் வளையம் எங்க கெடந்துச்சு?"

"அடியில."

"டின்னு மொதல்ல வந்துச்சா, சிப்பி மொதல்ல வந்துச்சா?"

எனக்கு முகம் சுட்டது. மேசையில் நோட்டுகளை அடுக்கிக் காட்டி, முதலில் வைத்தது அடியில் இருக்கும், மண்ணும் அப்படித்தான் என்று வருடா வருடம் வகுப்பில் சொல்பவன் நான். கையில் கிடைத்த உதாரணத்தை எறிந்துவிட்டு வந்திருக்கிறேன்.

அடுத்த வெள்ளி மறுபடியும் போனோம். நான்கு இடத்தில் தோண்டினோம். இரண்டில் சிப்பிக்கு அடியில் நைலான் கயிறு, ஒன்றில் சோடா மூடி. நான்காவது குழியில் சிப்பி முடிந்ததும் சுத்தமான சிவப்புப் பாலைவன மணல். "கலாஸ், கடல் முடிஞ்சு போச்சு" என்று சிரித்தீர்கள்.

அட்டையை மாற்றப் போகிறேன் என்றதும் பள்ளி முதல்வர் தடுத்தார். "நடுவர்கள் வர்றாங்க சார். யாரு போய்த் தோண்டிப் பாக்கப் போறா? வாத்தியாரே தப்புன்னு தெரிஞ்சா பேரண்ட்ஸ் என்ன நெனைப்பாங்க?" அந்தக் கேள்வி என்னை இரண்டு நாள் அரித்தது. பதினெட்டு வருடம் சேர்த்த பெயர். ஆனால் முப்பது பிள்ளைகள் என் பொய்யை மனப்பாடம் செய்து ஒப்பிக்கப் போகிறார்கள். மூன்றாம் நாள் வகுப்பில் சொல்லிவிட்டேன்.

"சார், அப்ப நம்ம ப்ராஜெக்ட் ராங்கா?" என்றாள் ஒரு பெண்.

"நான் ராங். நீங்க என்னை நம்புனீங்க, அவ்வளவுதான்."

பிள்ளைகள் கண்ணாடித் தொட்டியில் அடியிலிருந்து மணல், சோடா மூடி, சிப்பி என்று அடுக்கினார்கள். பக்கத்தில் பழைய அட்டையின் வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டு அப்படியே ஒட்டச் சொன்னேன். பரிசு கிடைக்கவில்லை. நீங்கள் இஸ்திரி போட்ட சட்டையில் வந்து ஓரமாக நின்றீர்கள். ஒரு தகப்பனார், "இதக் கண்டுபிடிச்சது சாரா?" என்று கேட்டார். "இவர்தான்" என்று உங்கள் தோளைத் தொட்டேன். "அய்யய்யோ, நான் மிஷின்காரன்" என்று பின்னால் நகர்ந்தீர்கள். நான் விடவில்லை. அன்று முழுக்க, வந்த ஒவ்வொருவரிடமும் தவறு என்னுடையது, விடை உங்களுடையது என்று சொன்னேன். முதல் இரண்டு முறை அட்டையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். பிறகு அவர்கள் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

இப்போது ஓய்வு பெற்றுத் திருச்சியில் இருக்கிறேன். போன மாதம் அரியலூர் பக்கத்து விவசாயி ஒருவர், கிணறு வெட்டும்போது கிடைத்ததென்று ஒரு சிப்பியைக் கொண்டுவந்தார். "இங்க கடல் இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க சார், பள்ளிக்கூடத்துல வைக்கணும்" என்றார். அந்தப் பக்கம் கடல் இருந்தது உண்மைதான், புத்தகத்திலேயே இருக்கிறது. இருந்தும், "மொதல்ல கிணத்தக் காட்டுங்க" என்றேன். அறுபத்தாறு வயதில் ஏணி வேண்டாம் என்று கூட வந்த மனைவி கத்தினாள். இறங்கினேன். கிணற்றுச் சுவரில் சிப்பி கல்லாகவே மாறி, பாறையோடு பாறையாக இருந்தது. அதற்கு மேலேயும் கீழேயும் ஓர் ஆள் உயரத்துக்கு விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். மனிதன் கொண்டுவந்த எதுவும் இல்லை.

மேலே ஏறி வந்து, கை மண்ணைக்கூடத் தட்டாமல் எழுதிக் கொடுத்தேன்: இங்கே கடல் இருந்தது.