அப்டேட் குடுக்கட்டுமா?

இன்று காலை உன் பெண் போன் செய்தாள். "மாமா, டேப்லெட்ல அப்டேட் கேக்குது. குடுத்தா அப்பா பேசுவாரா?"

ஒரு நிமிஷம் இரும்மா என்றேன். நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உன் குரல் மட்டும் முசரவாக்கம் வீட்டில் அந்த டேப்லெட்டுக்குள் கிடக்கிறது. அதில் ஓடும் இயங்குதளத்தை எழுதுகிற கம்பெனியில்தான் நீயும் நானும் வேலை பார்த்தோம். அவள் என்னைக் கேட்காமல் யாரைக் கேட்பாள்?

கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை உனக்கு ஒரே சண்டைதான். செயலிகள் இயங்குதளத்திடம் வேலை வாங்க நாம் கட்டிக்கொடுத்த இடைமுகங்களில் பழையதை எடுத்துவிடலாம் என்று எவன் வாயைத் திறந்தாலும் தொலைந்தான். ஒலிப்பதிவின் நீளத்தை ஒன்று குறைத்துச் சொல்லுமே, அந்தப் பழைய ஒலி இடைமுகம் நினைவிருக்கிறதா? நான் ஆசையாகத் திருத்தினேன். மறுநாளே நீ பழையபடி மாற்றிவிட்டாய். "தப்புதான்பா. ஆனா அந்தத் தப்ப நம்பி எவனோ ஒன்ன கூட்டிப் போட்டு எழுதிக்கினு இருக்கான். நீ திருத்தினா அவன் பொழப்பு போச்சு." எனக்குக் கோபமான கோபம். பழைய பஞ்சாங்கம் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேலி செய்தேன். நீ சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பிறகு தொண்டையில் புற்று. குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் நீ அழவில்லை, உட்கார்ந்து குரலைப் பதிவு செய்தாய். படத்தைத் தொட்டால் பதிந்த வாக்கியத்தைச் சொல்லும் ஒரு பழைய செயலி. "சாப்ட்டியாம்மா?" "வலிக்குது." "ஃபேன கொறை." எனக்கென்றும் ஒன்று வைத்தாய். பிள்ளையார்பாளையத்தில் என் வீட்டுக்கு இரண்டு பக்கமும் தறி. போன் செய்தால் நீ முதலில் சொல்வது அதுதானே: "தறி சத்தத்துல ஒன்னும் கேக்கலபா, வெளிய வந்து பேசு." ஆபரேஷனுக்குப் பிறகும் போன் செய்து அந்தப் படத்தைத்தான் தொடுவாய். நான் தெருவுக்கு வந்து நின்று பேசுவேன்.

நீ வேலையை விட்டபின் தடுக்க ஆளில்லை. அந்தப் பழைய ஒலி இடைமுகத்தை எடுத்துவிடலாம் என்றார்கள். நான் எதிர்த்தேன். "எத்தன பேர் சார் யூஸ் பண்றாங்க?" என்று கேட்டான் புதிதாக வந்த டீம் லீட். "என் ஃப்ரெண்டு ஒருத்தன்" என்றேன். சிரித்தார்கள். எடுத்தும் விட்டார்கள்.

அப்டேட் கொடுக்காதீர்கள் என்று உன் வீட்டில் படித்துப் படித்துச் சொன்னேன். ஆனால் புதுப் பதிப்பு இல்லாமல் ஓட மாட்டேன் என்று பேங்க் செயலி அடம்பிடித்தது. மருந்து வாங்கும் அவசரம். உன் பெண் அழுத்திவிட்டாள். அதன்பின் எந்தப் படத்தைத் தொட்டாலும் சத்தமில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பினால் உள்ளே இருப்பதெல்லாம் அழியும். பதிவுகளைச் செயலி தனக்குள் பூட்டி வைத்திருந்தது. அந்தச் செயலியை எழுதியவர் எப்போதோ கைகழுவிவிட்டார்.

நான் ஓடி வந்தபோது நீ சிலேட்டில் எழுதினாய்: "எதை எடுத்தீங்க?" சொன்னேன். வருடக்கணக்காக நீ சண்டை போட்டுக் காப்பாற்றிய அதே இடைமுகம். நீ சிரித்தாய், சத்தமே இல்லாமல். அந்தச் சிரிப்பை மறக்க வேண்டும் என்று பார்க்கிறேன், முடியவில்லை. பிறகு பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு, "உன் தப்பு இல்ல" என்று எழுதிக் காட்டினாய்.

பழைய இடைமுகத்தைத் தேடி வரும் அழைப்பைப் புதியதிடம் கொண்டுசேர்க்க ஒரு சின்னப் பாலம் எழுதினேன். கெஞ்சிக் கூத்தாடி அதை அடுத்த பதிப்பில் சேர்க்க வைத்தேன். அது வெளிவந்தபோது உன் காரியமே முடிந்திருந்தது. டேப்லெட் பேசியதும் உன் மனைவி கேட்டார்: "கெடந்து தவிச்சப்ப வரல. இப்ப எதுக்குண்ணே?" உன் பெண் மட்டும் தினமும் "சாப்ட்டியாம்மா?" படத்தைத் தொட்டுவிட்டு, "சாப்ட்டேன்பா" என்கிறாளாம்.

ஒவ்வொரு பதிப்புக்கும் அந்தப் பாலத்தை எடுக்கச் சொல்கிறார்கள். நான் கத்துகிறேன். இப்போது பஸ்ஸில் பழைய பஞ்சாங்கம் நான்தான். இந்தப் பதிப்பில் பாலம் இருக்கிறது. அடுத்ததில் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அப்போது உன் பெண்ணிடம் என்ன சொல்வேன்?

"குடும்மா. நான் லைன்லயே இருக்கேன்" என்றேன். டேப்லெட் அணைந்து எழுந்திருக்க வெகுநேரம் ஆனது. இரண்டு பக்கமும் தறி அடித்துக்கொண்டிருந்தது. அவள் எந்தப் படத்தைத் தொடப்போகிறாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

"தறி சத்தத்துல ஒன்னும் கேக்கலபா, வெளிய வந்து பேசு."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் தெருவுக்கு வந்து நின்றேன்.