நான் எழுதாமல் விட்ட கம்பிங்

நேற்றுக் காலை மேரு ரோட்டில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது, ஆடு ஏற்றிய லோரி ஒன்று என் மோட்டாரை உரசுகிற மாதிரி வந்து நின்றது. மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஈர மயிரும் புழுக்கையும் கலந்த அந்த நாற்றம் ஹெல்மெட்டுக்குள் புகுந்து நின்றுவிட்டது. என் வாய் தானாக, "கம்பிங்" என்றது. விளக்கு பச்சையானது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். ஒருவர், "அங்கிள், ஓகேயா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஓகே என்று கையைக் காட்டினேன். ஓகே இல்லை.

முப்பத்தைந்து வருஷம் உன்னோடு வாழ்ந்தும் நான் ஆட்டை ஆடு என்றுதான் சொல்வேன். நீ மலாயில் கம்பிங் என்பாய். பூனை உனக்குக் கூச்சிங், எருமை கெர்பாவ். கையுறைத் தொழிற்சாலையில் மலாய்ப் பெண்களோடு இருபது வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவள் வேறு எப்படிப் பேசுவாய்? தீபாவளிக்கு முதல் நாள் கிள்ளான் பாசாரில் இறைச்சி விற்கிற மலாய்ப் பெரியவர் பாக்சிக்கிடம், எலும்பாகப் போட்டுவிட்டார் என்று நீ மலாயில் சண்டை போடுவாய். நான் பையைப் பிடித்துக்கொண்டு தள்ளி நிற்பேன். அவர் கடைசியில் சிரித்துக்கொண்டே ஈரல் துண்டு ஒன்றைச் சேர்த்துப் போடுவார். வீட்டுக்கு வரும் வழியில் நான், "வீட்டுலயாவது தமிழ்ல பேசு" என்பேன். நான் தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் அல்லவா! நீ, "பரவால்ல லா, வுடுங்க" என்பாய். நம் வீட்டுச் சண்டையெல்லாம் அந்த ஒரு 'வுடுங்க'வில்தான் முடிந்தது.

பக்கவாதம் வந்து உன் வலது கையும் பேச்சும் போனபோது, ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் எனக்கு வீட்டுப்பாடம் தந்தாள். "தெனமும் சாயங்காலம் ஒரு எழுத்துச் சொல்லுங்க அங்கிள். அதுல ஆரம்பிக்கிற மிருகம், பறவை, எதுனாலும் சரி. ஒரு நிமிஷம். ஆன்டி சொல்றத எல்லாம் எழுதிட்டு வாங்க." எல்லாம் என்றுதான் சொன்னாள். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

'க' வரிசையில் தொடங்கினோம். அதில்தான் நிறைய இருக்கிறது என்று நினைத்தேன். உன்னை நாற்காலியில் தூக்கி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கைப்பேசியில் ஒரு நிமிஷம் வைத்தேன். நீ கூரையைப் பார்த்தாய். உதடு கோணிக்கொண்டு அலைந்தது. "கம்...பிங்" என்றாய். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நீ தெளிவாகச் சொன்ன முதல் வார்த்தை அது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? துள்ளிக் குதித்திருக்க வேண்டும். நான், "அது மலாய். தமிழ்ல சொல்லு" என்றேன். நீ இன்னும் ஏதேதோ சொன்னாய். கூச்சிங் என்றாய், கெர்பாவ் என்றாய், இன்னும் என்னென்னவோ. நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கரடி வந்தது, குதிரை வந்தது. நோட்டில் அந்த இரண்டை மட்டும் எழுதி, அடியில் 'இரண்டு' என்று வேறு போட்டேன்.

எனக்கு அப்போது அலுப்பு. உன்னைக் குளிப்பாட்டி, துணி அலசி, கஞ்சி வைத்து, சாயங்காலம் ஆகும்போது இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருக்கும். அதனால் எரிந்து விழுந்தேன் என்று சொல்லிப் பார்க்கிறேன். அது பாதிதான் உண்மை. என் மனைவிக்குத் தமிழ் போய்விட்டது, மலாய் மட்டும் தங்கிவிட்டது என்று அந்தப் பெண்ணிடம் நோட்டைக் காட்ட எனக்கு வெட்கம். மீதிப் பாதி அதுதான்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் நான், "எத்தன தடவ சொல்றது, தமிழ், தமிழ்!" என்று கத்தினேன். நீ என்னையே பார்த்தாய். நல்ல கையால் என் நெஞ்சைச் சுட்டி, மூச்சு வாங்க வாங்க, "லோரி... தமிழா?" என்றாய். லோரி ஓட்டிச் சம்பாதித்தவன் நான். வாழ்நாள் முழுக்க லோரி லோரி என்றே சொன்னவன். பதில் இல்லாதவனுக்குத்தானே கோபம் வரும்? கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ பயிற்சியில் வாயைத் திறப்பதே அரிதானது. ஆஸ்பத்திரியிலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாய். நோட்டில் ஒன்று, இரண்டு, ஒன்று. முன்னேற்றம் தெரியவில்லை என்று, வாரம் ஒரு தடவை வந்த பயிற்சியை மாதம் ஒரு தடவையாக்கிவிட்டார்கள்.

அடுத்த மாதம் போனபோது அந்தப் பெண்ணே கடிகாரத்தை வைத்தாள். நீ "கம்பிங்" என்றாய். உடனே என்னைப் பார்த்து நிறுத்தினாய்.

"ஏன் ஆன்டி நிறுத்திட்டீங்க? சொல்லுங்க."

நீ என் பக்கம் கையைக் காட்டினாய்.

"அங்கிள், வீட்டுல மலாய்ல சொன்னாங்களா?"

"சொன்னா. நான் எழுதல."

"எத்தன சொன்னாங்க?"

"தெரியலம்மா."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எந்த மொழின்னு நான் கேக்கவே இல்லயே அங்கிள். வார்த்த வருதான்னுதான பாக்குறோம்." திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். வாரப் பயிற்சியில் உன் பழைய இடம் வேறு ஒருவருக்குப் போய்விட்டதாம். மறுபடி எழுதிப் போடுகிறேன், இரண்டு மாதம் ஆகும் என்றாள்.

கார் நிறுத்தும் இடத்தில் உன்னைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, "தப்புப் பண்ணிட்டேன்மா" என்றேன். நீ வெகு நேரம் முயன்றாய். "வு...டுங்க" என்று வந்தது. ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன். நீ இடது கையால் என் காதைப் பிடித்து இழுத்தாய்.

அன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். கம்பிங், கூச்சிங், கெர்பாவ், கிளி, கீரி, கங்காரு என்று வந்துகொண்டே இருந்தது. நேரம் முடிகிற சமயத்தில் என்னைக் கையால் சுட்டி, "கழுத" என்றாய். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ள, நீ சிரித்த சிரிப்பு! எல்லாவற்றையும் எழுதினேன், கழுதை உட்பட. அப்படிப் பதினாறு நாள் எழுதினேன். பதினேழாம் நாள் காலை உனக்கு இரண்டாம் தடவை பக்கவாதம் வந்துவிட்டது. பழைய இடம் காலியாகிவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது உன் கருமாதி முடிந்திருந்தது.

நேற்று வீட்டுக்கு வந்ததும் நோட்டைத் தேடி எடுத்தேன். கடைசிப் பதினாறு பக்கமும் நிரம்பிக் கிடக்கிறது. முதல் பக்கங்களில் கரடி, குதிரை என்று ஒன்றிரண்டு, மீதி வெறும் கோடு. அவற்றை நிரப்பிவிடலாம் என்று மேசையில் உட்கார்ந்தேன். முதல் நாள் நீ சொன்னதில் கம்பிங், கூச்சிங், கெர்பாவ் ஞாபகம் இருக்கிறது. அதற்கப்புறமும் நீ சொன்னாய். உதடு அசைந்தது தெரிகிறது, நான் தலையை ஆட்டியது தெரிகிறது. வார்த்தை மட்டும் வரவில்லை. ஒரு நிமிஷம் வைத்துப் பார்த்தேன். மணி அடித்தது. இன்னொரு நிமிஷம் வைத்தேன். உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

குதிரைக்குக் கீழே மூன்றையும் எழுதினேன். 'இரண்டு' என்று போட்டிருந்ததை அடித்தேன். அந்த இடத்தில் ஓர் எண் போட வேண்டும். எத்தனை என்று எனக்குத் தெரியாதும்மா.